பொய் சொல்லாத பாடசாலை

1929ஆம் ஆண்டு ஒகஸ்ட் 3ஆம் திகதி, நெதர்லாந்தின் ஒம்மன் என்ற சிற்றூருக்கு அருகில், பைன் மரக்காட்டின் நடுவே கூடியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அன்பர்கள் முன்னிலையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி எழுந்து, தம்மை உலக குருவாக ஏற்று இயங்கி வந்த நட்சத்திர சங்கத்தைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீற்றரால் கண்டெடுக்கப்பட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரால் வளர்க்கப்பட்ட அந்த இளைஞர், தம்மைச் சுற்றிக் கட்டப்பட்ட பீடத்தைத் தாமே இடித்த கதை தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. ஆனால் அந்த நாளுக்குப் பின்னர் அவ்விடத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நம்மில் அறிந்தவர் குறைவு.

ஒம்மனுக்கு அருகில் ஏர்டே என்றொரு கோட்டை மாளிகை உண்டு. நாற்புறமும் அகழி சூழ, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. அதன் உரிமையாளரான பிலிப் வான் பலாண்ட் பிரபு, கிருஷ்ணமூர்த்தியின்பால் கொண்ட ஈடுபாட்டினால் மாளிகையையும் அதனைச் சூழ்ந்த பெருநிலத்தையும் சங்கத்தின் பணிக்கு ஒப்படைத்திருந்தார். சங்கத்தைக் கலைத்த கிருஷ்ணமூர்த்தி, முகாம் நடந்த நிலப்பகுதி நீங்கலாக யாவற்றையும் பிரபுவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். (கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் குருமார் நம் பக்கங்களில் அரிது என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.) ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934 ஏப்ரலில், அதே மாளிகையில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள்.

குவேக்கர்களை அறிமுகப்படுத்தாமல் இக்கதையைச் சொல்ல இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உள்நாட்டுப் போரினால் சிதைந்து கிடந்த இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான சமயக் குழு அது. நண்பர்கள் சங்கம் என்பது அதன் சொந்தப் பெயர். குவேக்கர் என்பது ஏளனமாகப் பிறர் வைத்து நிலைத்துவிட்ட பெயர். ஒவ்வொரு மனிதனுள்ளும் இறையொளி உறைகிறது என்பதே அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. ஒளி எல்லோரிடமும் இருக்குமாயின் இடையில் குரு எதற்கு? ஆகவே ஆங்கிலேயக் குவேக்கர்களின் கூட்டங்களில் பாதிரியார் இல்லை, பலிபீடம் இல்லை, குறித்த பிரார்த்தனையும் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் சொல் எழுந்தவர் எழுந்து பேசுவார். எவருக்கும் எழாவிட்டால் அந்த மணிநேரம் மௌனத்திலேயே கழியும். குருவைக் கலைத்த ஒருவரின் மாளிகைக்குக் குருவில்லாத ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது வெறும் தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

அந்த ஒளியிலிருந்து வேறு சில கடமைகளும் பிறந்தன. எதிரியிடத்திலும் ஒளி இருப்பதால் அவனைக் கொல்லலாகாது. ஆகவே போரில் சேர்வதில்லை. அரசனும் குடியானவனும் ஒன்று. ஆகவே எவருக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை. எல்லாவற்றிலும் கடினமானது வாய்மை. நீதிமன்றத்தில்கூட அவர்கள் சத்தியம் செய்ய மறுத்தார்கள். சத்தியத்தின்போது மட்டும் உண்மை பேசுவேன் என்றால் மற்ற வேளைகளில் பொய் பேசுவேன் என்றல்லவா பொருள்படும் என்பது அவர்களுடைய வாதம். இதற்காகப் பலர் சிறை சென்றனர். கடை நடத்திய குவேக்கர்கள் பொருளுக்கு ஒரே விலை சொன்னார்கள். பேரம் பேசுவதே ஒருவகைப் பொய் என்று கருதினார்கள். அந்த நம்பகத்தன்மையே பின்னாளில் அவர்களைச் செல்வர்களாக்கியது. கட்பரி சொக்கலேற்றும் பார்க்ளேஸ் வங்கியும் குவேக்கர் குடும்பங்களில் பிறந்தவை.

அவர்கள் பாடசாலைகளைத் தேடிப் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கதவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அடைபட்டிருந்தன. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமாயின் தாமே பள்ளி கட்டியாக வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1689இலும், இங்கிலாந்தின் அக்வேர்த்தில் 1779இலும், யோர்க் நகரில் 1823இலும் அவர்கள் தொடங்கிய பாடசாலைகள் இன்றும் நடக்கின்றன. வாஷிங்டனில் 1883இல் ஒரு குவேக்கர் தொடங்கிய சிட்வெல் பாடசாலையில்தான் ஜனாதிபதிகள் கிளின்டனும் ஒபாமாவும் தம் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். (சமத்துவம் பேசிய அந்தப் பாடசாலை கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 1956இல்தான். கொள்கைக்கும் வாசற்கதவுக்கும் இடையே எல்லாப் பாடசாலைகளிலும் சற்று இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.) யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய கல்லூரிகளில் படித்த பரம்பரையினரான நமக்கு, கல்வியையும் மதமாற்றத்தையும் ஒன்றாகவே எண்ணிப் பழக்கம். குவேக்கர் பாடசாலைகளின் நோக்கம் பெரும்பாலும் வேறு. 1928இல் சென்னைக்கு வந்து வேப்பேரி பென்டிங்க் பாடசாலையில் கற்பித்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், பிற்காலத்தில் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தில் உழைத்தவர், அவரும் குவேக்கரே.

இனி ஏர்டேக்கு வருவோம். முதலாம் உலகப் போரில் தோற்றுப் பட்டினியில் கிடந்த ஜேர்மனியில், 1920, 21ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் குவேக்கர்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கினார்கள். உச்ச கட்டத்தில் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பிள்ளைகள் அந்தச் சாப்பாட்டை உண்டார்கள். குவேக்கர் என்ற சொல் ஒரு தலைமுறை ஜேர்மனியரின் நாவில் சூடான உணவின் பெயராகவே நிலைத்தது. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7இல் யூதரையும் அரசியல் எதிர்ப்பாளரையும் அரச பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அதே ஏப்ரல் 25இல் வந்த மற்றொரு சட்டம், பாடசாலைகளில் புதிதாகச் சேரும் யூதப் பிள்ளைகளின் தொகையை 1.5 வீதமாக மட்டுப்படுத்தியது. தரப்படுத்தலை நேரில் கண்ட தலைமுறைக்கு, ஒரு வீதக் கணக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

லண்டன் குவேக்கர்கள் அந்த மாதமே ஜேர்மனிக்கென ஓர் அவசர உதவிக் குழுவை அமைத்தார்கள். பேர்த்தா பிரேசி என்ற ஆசிரியை அதன் செயலாளரானார். ஆங்கிலேய, ஜேர்மானிய, ஒல்லாந்துக் குவேக்கர்கள் கூடி யோசித்ததில் எழுந்ததுதான் எல்லைக்கு வெளியே ஒரு பாடசாலை என்ற எண்ணம். வான் பலாண்ட் பிரபு மாளிகையைக் கொடுத்தார். நாஜிகளால் பதவி இழந்த காத்தரீனா பீற்றர்சன் என்ற ஜேர்மனியக் கல்வியாளர் முதல் அதிபரானார். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுடன் தொடங்கிய பாடசாலையில் சில ஆண்டுகளில் தொகை நூறைத் தாண்டியது. பெரும்பாலோர் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கலப்பு மணத்தில் பிறந்தவர்கள், அரசியல் காரணத்தால் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், ஒல்லாந்து, ஆங்கிலேயப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். விடுதியும் வகுப்பும் அந்த ஒரே வளவுக்குள்.

பாடத்திட்டத்தில் ஒரு கூர்மையான நடைமுறை அறிவு தெரிகிறது. ஜேர்மானியச் சான்றிதழால் இனிப் பயனில்லை என்பதால் ஒக்ஸ்போர்ட் பாடசாலைச் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடமாக மட்டுமன்றிக் கப்பல் சீட்டாகவும் அமைந்தது. எந்த நாடு ஏற்கும், எந்தத் தொழில் கைகொடுக்கும் என்று தெரியாத நிலையில் தச்சும் தோட்டமும் விவசாயமும் பழக்கினார்கள். வழக்கறிஞர்களினதும் வைத்தியர்களினதும் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தார்கள். இசைக்கும் நாடகத்துக்கும் பெரிய இடம் இருந்தது. வெளிநாட்டில் ஏதிலியாக வளரும் பிள்ளைக்குத் தாய்மொழி இலக்கியம் எதற்கு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. ஹிட்லர் பேசிய அதே மொழியில் கதேயும் ஷில்லரும் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் மறக்கலாகாது என ஆசிரியர்கள் கருதினார்கள். தாமே துரத்தப்பட்டவர்களாயிருந்த ஆசிரியர்கள் பலர். புகழ்பெற்ற கலை வரலாற்றறிஞர் அபி வார்பேர்க்கின் மகனும் அவர்களுள் ஒருவர்.

அங்கே வாழ்ந்த பலர் பிற்காலத்தில் அந்த ஆண்டுகளை வாழ்வின் இனிய காலமாகவே நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அப்பாடசாலையின் மாணவராயிருந்து, அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியரான ஹான்ஸ் ஷ்மிட் அவர்களுள் முக்கியமானவர். அவருடைய தாயாரும் அங்கே ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். நாஜிகளையும் குவேக்கர்களையும் பற்றி 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல், தான் அன்பு கொண்ட ஒன்றைக் கண்ணை மூடாமல் பார்க்கும் எழுத்துக்கு நல்ல உதாரணம்.

ஏனென்றால் கதை அந்த இனிமையோடு நிற்கவில்லை.

1938 நவம்பரில் ஜேர்மனியெங்கும் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதம் மூன்று அமெரிக்கக் குவேக்கர்கள் பேர்லினில் கெஸ்டாப்போ தலைமையகத்துக்கே போனார்கள். ஒருவர் ரூபஸ் ஜோன்ஸ் என்ற முதிய தத்துவப் பேராசிரியர். இன்னொருவர் ஜோர்ஜ் வோல்ற்றன், பென்சில்வேனியாவில் ஒரு குவேக்கர் பாடசாலையின் அதிபர். தம்மவர் முன்பு ஜேர்மனியப் பிள்ளைகளுக்கு உணவளித்ததை நினைவூட்டும் ஒரு சிறு அறிக்கையைக் கொடுத்து, யூதருக்கு உதவ அனுமதி கேட்டார்கள். அதிகாரிகள் உள்ளே சென்று ஆலோசித்த நேரத்தில் மூவரும் தலை குனிந்து மௌனத் தியானத்தில் அமர்ந்திருந்தார்கள். அனுமதி கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. அதிகாரிகளின் முகத்தில் மென்மையைத் தாம் கண்டதாகவே ஜோன்ஸ் நம்பினார். ஹெய்ட்ரிக்கின் அலுவலகத்தில் மென்மை! இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் எதிரியிடத்திலும் ஒளி உண்டு என்று முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்கள், கடினமான இடத்தில் அதை நம்பாமல் வேறெங்கே நம்புவது?

1940 மே 10ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. எல்லைக்கு வெளியே கட்டிய பாடசாலைக்கு எல்லையே வந்து சேர்ந்தது. 1941 கோடையின் முடிவில், யூதப் பிள்ளைகள் மற்றவர்களுடன் ஒரே பாடசாலையில் படிக்கலாகாது என்ற ஆணை பிறந்தது. பாடசாலை பணிந்தது. மாளிகையிலிருந்து விலகி வளவின் ஓரத்திலிருந்த டி எஸ் என்ற வீட்டுக்கு யூதப் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குத் தனி ஆசிரியர், தனி மேசை. சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட ஒரு பாடசாலை, தன் வளவுக்குள் தானே ஒரு வேலி போட்டது. மூடிவிடுவதை விட இது மேல் என்று பொறுப்பிலிருந்தவர்கள் கருதியிருக்கக்கூடும். முதல் வேலியை ஏற்றுக்கொள்வதற்கு எப்பொழுதும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

சில கிலோமீற்றர் தூரத்தில், கிருஷ்ணமூர்த்தியின் முகாம் நடந்த பைன்காட்டையும் ஆக்கிரமிப்பாளர்கள் பறித்துக்கொண்டார்கள். உலகெங்கிலுமிருந்து வந்து மெய்ஞ்ஞானம் பேசியவர்கள் தங்கிய கூடாரங்களும் கொட்டகைகளும் இருந்த இடத்தில் 1942இல் எரிக்கா என்ற சிறைமுகாம் எழுந்தது. ஒல்லாந்துக் காவலர்கள் ஒல்லாந்துக் கைதிகளை அங்கே அடித்தார்கள். பட்டினியாலும் வதையாலும் பலர் மாண்டார்கள்.

1943 மார்ச் கடைசியில் அடுத்த ஆணை வந்தது. ஏர்டே அமைந்திருந்த மாகாணம் உட்பட எட்டு மாகாணங்களில் வாழ்ந்த யூதர் யாவரும் ஏப்ரல் 10ஆம் திகதிக்குள் தெற்கேயுள்ள வூஹ்ட் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ரயில்கள் ஒன்பது மாதங்களாக யூதரைக் கிழக்கே கொண்டுசென்றுகொண்டிருந்தன. எங்கே என்று திட்டமாகத் தெரியாவிட்டாலும், போனவர் எவரும் திரும்பவில்லை என்பது தெரிந்திருந்தது. டி எஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆணைக்குப் பணிவது. மற்றது, பொய்ப் பத்திரங்களோடு தலைமறைவாவது.

பாடசாலையின் பொறுப்பாளர்கள் தலைமறைவை ஊக்குவிக்கவில்லை. இதுதான் இக்கதையின் முள். அவர்கள் நாஜிகளின் கையாட்கள் அல்லர். கோழைகள் என்றும் சொல்லமுடியாது. வாக்குக் கொடுத்து நடத்தும் பாடசாலை. வாக்கு மீறப்பட்டால் எஞ்சியிருக்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது: ஒளித்துவைப்பது என்றால் ஒவ்வொரு நாளும் பொய் சொல்வது. பெயரில் பொய், பிறந்த ஊரில் பொய், கதவைத் தட்டுபவனிடம் பொய். பிள்ளைகளில் சிலர் ஓடி ஒளிந்தார்கள். ஏனையோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சொன்ன திகதியில் வூஹ்ட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து வெஸ்ரபோர்க், அங்கிருந்து போலந்தின் கொலைமுகாம்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடிகமணி வைரமுத்துவின் மயானகாண்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வாய்மைக்காக எல்லாவற்றையும் இழப்பவனைக் கண்டு அழுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியும்வரை இருந்து அழுதோம். ஆனால் அரிச்சந்திரன்கூட விற்றது தன் மனைவியையும் தன் மகனையும்தான். பிறர் நம்பி ஒப்படைத்த பிள்ளைகளை வைத்துத் தன் வாய்மையைக் காக்க எவருக்கு உரிமை உண்டு? வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தீங்கற்ற நன்மை தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். ஏர்டேயின் பொறுப்பாளர்கள் அந்த வாசலை அறியாதவர்களாக இருந்தார்கள், அல்லது அறிந்தும் நுழையத் தயங்கினார்கள் என்பதே என் கணிப்பு. இதை எண்பது ஆண்டுகளின் பாதுகாப்பான தூரத்திலிருந்து எழுதுகிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒளிந்தவர்களில் சிலரைக் காத்தது யார் என்பதும் சிக்கலான விடயம். ஆம்ஸ்டர்டாமில் ஹேரன்கிராக்ட் வீதி 401ஆம் இலக்க வீட்டில், ஓவியர் கீசெல் என்ற பெண்மணியின் அடைக்கலத்தில், வொல்ப்காங் புரொம்மல் என்ற ஜேர்மனியக் கவிஞர் ஏர்டேயிலிருந்து வந்த இளைஞர் சிலரைப் போர் முடியும் வரை மறைத்து வைத்திருந்தார். அவர்களில் கிளவுஸ் பொக் பின்னாளில் லண்டனில் ஜேர்மன் இலக்கியப் பேராசிரியரானார். இதற்காகப் புரொம்மலுக்கு இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனத்தின் கௌரவமும் கிடைத்தது. ஆனால் அவருடைய வட்டத்தில் இளையோர் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகினர் என்ற குற்றச்சாட்டு 2017இல் பகிரங்கமாக எழுந்து, 2019இல் விசாரணைக் குழு ஒன்றினால் உறுதிப்படுத்தப்பட்டது. நல்லவர்கள் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பினார்கள். உயிர் காத்தவர்களின் கை சுத்தமாயில்லை. வரலாற்றை வசதிக்கேற்பத் துப்புரவு செய்ய முடிவதில்லை.

போர் முடிந்து, 1946இல் ஏர்டே மாளிகையில் பாடசாலை மீண்டும் திறந்தது. காத்தரீனா பீற்றர்சன் ஜேர்மனியில், ஹனோவரில் கல்வி அமைச்சில் பணியாற்றி, நாஜிகள் சிதைத்த ஆசிரியர் கல்வியைத் திருத்தியமைக்க உழைத்தார். 1947இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு ஆங்கிலேய, அமெரிக்கக் குவேக்கர் அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது. அதற்கு அவர்கள் தகுதியானவர்களே. யுத்தத்துக்கு முன் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்த்த முயற்சியில் அவர்களுடைய பங்கு பெரியது.

குவேக்கர்கள் எல்லோரும் ஏர்டேயின் வழியில் போனார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். அதே ஒல்லாந்தில், பில்ட்ஹோவனில் தம் சொந்தப் பாடசாலையை நடத்திய கேஸ் பூக்கேயும், கட்பரி குடும்பத்தில் பிறந்த அவருடைய மனைவியும் யூதரைத் தம் வீட்டில் மறைத்தார்கள். பேர்லினில் எலிசபெத் அபெக் என்ற ஆசிரியை இருந்தார். பெண்கள் பாடசாலையில் வரலாறு கற்பித்தவர். நாஜிகளோடு ஒத்துப்போகாததால் முதலில் இடமாற்றப்பட்டு, பின்னர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டவர். 1942இலிருந்து, வயோதிபத் தாயும் நோயாளிச் சகோதரியும் உடனிருந்த தம் சிறிய வீட்டை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ 80 யூதருக்கு அவர் உதவினார். ஒளிவிடம் தேடினார், பொய்ப் பத்திரங்கள் ஏற்பாடு செய்தார், தம் நகைகளை விற்றுச் சிலரைச் சுவிற்சர்லாந்து எல்லைக்கு அனுப்பினார். அதே கட்டடத்தில் நாஜிக் கட்சிக்காரரும் குடியிருந்தார்கள்.

ஒளிந்திருந்த பிள்ளைகள் பாடம் தவறிப்போகக் கூடாது என்று அபெக் அம்மையார் அவர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, மேசையில் இருத்திப் படிப்பித்தார்.